நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் ரேம்ப்பை நிறுத்துங்கள்

கேள்வி: விருகம்பாக்கத்தில் வாடகை இடத்தில் எட்டு வருடமாக கார் மெக்கானிக் ஷெட் நடத்துகிறேன். இரண்டு ரேம்ப்பில் வாட்டர் சர்வீஸ், பின்பக்கம் சின்னதாக டிங்கரிங், பெயின்டிங். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் புகார் கொடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது ஷோகாஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. வாரியத்தின் இசைவாணை (தொழில் நடத்துவதற்கான அனுமதி) இல்லாமல் நடத்துவது, எண்ணெய் கலந்த தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடுவது, ஜெனரேட்டர் சத்தம் என்று மூன்று குற்றச்சாட்டு. ஏன் மூடக்கூடாது, ஏன் கரண்டைத் துண்டிக்கக் கூடாது என்று 15 நாளில் பதில் கேட்கிறார்கள். நான்கு நாள் போய்விட்டது. மாநகராட்சி தொழில் உரிமம், ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு) எல்லாம் வைத்திருக்கிறேன். “இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், புகாரே பொய் என்று எழுதிவிடு” என்கிறார் சங்கத்தில் ஒருவர். இன்னொருவர் ஒரு தொகை கொடுத்தால் தானே பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இப்போது இசைவாணைக்கு விண்ணப்பித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? பி.கு.: சர்வீஸ் தண்ணீரைக் கழிவுநீர் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பதில் கடிதத்தை அடுத்த வாரம் எழுதினாலும் போதும். ஆனால் இன்று சாயங்காலமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு ரேம்ப்பிலும் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள். சட்டப்படி பார்த்தால் இசைவாணை இல்லாதவரை முழு ஷெட்டுமே கேள்விக்குரியதுதான். ஆனால் புகாரின் உயிர் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. அதை நிறுத்தியவரையும் நிறுத்தாதவரையும் வாரியம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாசு ஏற்படுத்தியவரிடம் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்க மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மாசுபடுத்தும் அளவை வைத்து வாரியம் தொழில்களுக்கு நிறப் பெயர் கொடுக்கிறது. உங்கள் தொழில் 2016 பட்டியலில் இருக்கும் ஆரஞ்சு வகைக்கு மாசுக் குறியீடு 50. அதை ரூபாயாக மாற்றும் எண் 100 முதல் 500 வரை, வழக்கமாக 250. குறு, சிறு தொழில் என்றால் 0.5. மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளைக்கு 6,250 ரூபாய். ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப இன்னொரு எண்ணாலும் பெருக்குவார்கள், சென்னைக்கு அது ஒன்றுக்கு மேல். அதை விட்டுவிட்டாலும் 60 நாளைக்கு 3,75,000 ரூபாய் ஆகிறது. எந்தக் கணக்கு போட்டாலும் ஒரு நாளைக்கு 5,000-க்குக் கீழே போகாது. எல்லா மெக்கானிக் ஷெட்டுக்கும் இதைப் போட்டுத் தீட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வாரியங்களே இழப்பீடு விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லிவிட்டதால், இது வெறும் காகிதச் சூத்திரம் என்று நினைக்க வேண்டாம்.

இந்தச் சூத்திரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே எண், நாள் கணக்கு. மீறல் கண்ணில் பட்ட நாளில் அது ஓட ஆரம்பிக்கிறது. சரிசெய்ததை அதிகாரி வந்து பார்த்து உறுதிப்படுத்திய நாளில் நிற்கிறது. நீங்கள் மனதுக்குள் நிறுத்திய நாள் கணக்கில் வராது. ஆகவே பம்ப் ஹோஸைக் கழற்றுங்கள், வடிகாலுக்குப் போகும் குழாயின் வாயை சிமென்ட் வைத்து அடையுங்கள், தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். “இன்ன தேதி முதல் வாட்டர் சர்வீஸ் முழுவதும் நிறுத்தப்பட்டுள்ளது, நேரில் வந்து பார்வையிடக் கேட்டுக்கொள்கிறேன்” என்று வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அரைப் பக்கக் கடிதம் கொடுங்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று அனுப்புங்கள். நோட்டீஸுக்கான முழுப் பதில் அப்புறம்.

இனி சங்கத்து நண்பரின் யோசனை. தண்ணீர்ச் சட்டம் 1974-ல் வந்தது. அதன் 24-வது பிரிவு மாசுப் பொருளை நீர்நிலையிலோ சாக்கடையிலோ விடக்கூடாது என்கிறது. 25-வது பிரிவு கழிவுநீர் வெளியேற்றும் தொழிலுக்கு முன்கூட்டியே இசைவு வாங்கச் சொல்கிறது. “பெரிய கம்பெனிக்கு மட்டும்” என்று எங்கும் இல்லை. மத்திய வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் வாகன சர்வீஸ், ரிப்பேர், பெயின்டிங் ஆரஞ்சு வகையில் பெயர் சொல்லியே இருக்கிறது. 2025-ல் வகைப்பாட்டைத் திருத்தினார்கள் என்பதால், இன்றைய பட்டியலில் உங்கள் தொழில் எந்த வகையில், எந்த வரிசையில் வருகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். மாநகராட்சி உரிமமும் ஜிஎஸ்டியும் உத்யமும் அதனதன் வேலைக்குச் சரி. இசைவாணைக்கு அவை மாற்று ஆகாது. அதோடு மழைநீர் வடிகால் மாநகராட்சியின் சொத்து. வார்டு பொறியாளர் தன் பங்குக்குத் தனியாக ஒரு நோட்டீஸ் கொடுத்தாலும் நீங்கள் ஆச்சரியப்பட முடியாது. கவுன்சிலரைப் பிடித்தால் இது தீர்ந்துவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். வாரியம் கவுன்சிலருக்குக் கட்டுப்பட்டதல்ல.

புகாரே பொய் என்று எழுதுவதைப் போல உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் கெடுதல் வேறில்லை. பொறியாளர் வந்து பார்த்திருக்கிறார், போட்டோவும் எடுத்திருப்பார். அன்றைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்தாரா என்று ஷெட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். எடுத்திருந்தால் தண்ணீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை உங்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் அதைப் பதிலில் ஒரு வரியில் குறிப்பிடலாம். அது உங்கள் உரிமை. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். தண்ணீர் வடிகாலுக்குத்தான் போனது, அது உங்களுக்கும் தெரியும்.

விண்ணப்பித்தால் ஒப்புக்கொண்டதாகுமா? இதுவரை இசைவாணை இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகும். அது ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கிறது. மறைக்க முடியாததை மறைக்க முயன்று நல்லெண்ணத்தை ஏன் இழக்க வேண்டும்? பதில் தேதிக்கு முன்பே ஆன்லைனில் விண்ணப்பத்தைத் தொடங்கி, விண்ணப்ப எண்ணைப் பதில் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அதைவிட வலுவான வரி அந்தக் கடிதத்தில் இருக்கப்போவதில்லை.

“பேசி முடித்துத் தருகிறேன்” என்பவரைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவர் யாரிடம் என்ன பேசினாலும் தண்ணீர் அதே வடிகாலில்தான் போய்க்கொண்டிருக்கும், அபார்ட்மென்ட்காரர்கள் அதே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேப்பாக்கம் கலஸ் மஹாலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு அங்கே கட்டணம் 1,000 ரூபாய். குடியிருப்போர் சங்கத்துக்கு அது பெரிய காசில்லை. அங்கே போய்விட்டால் உங்களுக்காக யாரும் “பேசி” எதையும் முடிக்க முடியாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். உங்கள் பணம் செலவாகப்போவதும், ஏமாற வாய்ப்பிருப்பதும் இங்கேதான்.

நோட்டீஸ் வந்த செய்தி பரவியதும் சுத்திகரிப்பு மெஷின் விற்பவர்கள் கேட்லாக்கோடு வருவார்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் பிளான்ட் என்பார்கள். அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு காருக்கு 150 முதல் 200 லிட்டர், ஒரு நாளைக்குப் பத்து கார் என்று வைத்தாலும் 2,000 லிட்டர்தான் வருகிறது. உங்கள் பம்ப்பின் பிளேட்டிலேயே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். 15 என்று வைத்துக்கொண்டால் இரண்டு பம்ப்பும் ஒரே நேரத்தில் ஓடும்போது 30. தண்ணீர் அரை மணி நேரம் தங்கினால்தான் எண்ணெய் மேலே பிரிந்து வர நேரம் கிடைக்கும். ஆக 900 லிட்டர். சேறு பிடிக்கும் இடத்தையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் கொள்ளளவு இருந்தால் தாராளம். இடம் வாடகை என்பதால் தரையைத் தோண்டத் தேவையில்லை. ரேம்ப்பின் கீழே ஒரு சின்னக் குழியும் ஒரு பம்ப்பும் வைத்து, மேலே மூன்று பிளாஸ்டிக் டேங்க்கை வரிசையாக இணைத்துவிடலாம். அந்தப் பம்ப் நிதானமாக இழுப்பதாக இருக்கட்டும், வேகமாக அடித்தால் எண்ணெயும் தண்ணீரும் மறுபடி கலந்துவிடும். முதல் டேங்க்கில் மண் தங்கும், அடுத்த இரண்டில் எண்ணெய் மிதக்கும். ஒவ்வொரு டேங்க்கிலிருந்தும் வெளியேறும் குழாயில் ஒரு ‘டீ’ போட்டு, அதன் கால் தண்ணீருக்குள் நன்றாக இறங்கியிருக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் மேலே மிதக்கும் எண்ணெயே அடுத்த டேங்க்குக்கு முதலில் போகும். பிளம்பர்கள் இந்த ஒரு இடத்தில்தான் தவறாமல் கோட்டை விடுகிறார்கள்.

ஆனால் ஷாம்பு போட்டு, பிரஷர் வைத்து அடித்த தண்ணீரில் எண்ணெய் அவ்வளவு சுலபமாகப் பிரியாது. பால் மாதிரி கலங்கி நிற்கும். இன்ஜினை டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுக் கழுவினால் இன்னும் மோசம். வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். குழியில் இப்போது தேங்கியிருக்கும் தண்ணீரை நன்றாகக் கலக்கி, உள்ளே இருப்பது தெரியும் ஒரு வாட்டர் பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மேலே எண்ணெய் வளையம் கட்டி, நடுவில் தெளிந்தால் மேலே சொன்ன மூன்று டேங்க்கே பெரும்பாலும் போதும். வெளுத்தே இருந்தால் படிகாரம் போலக் கலங்கலைத் திரட்டும் மருந்து போட்டு, தெளியவிட்டு, மணல் ஃபில்டரில் விட வேண்டும். செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. இன்ஜின் கழுவுவதை ரேம்ப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். கிரீஸும் ஆயிலும் ஒட்டிய இடத்தை முதலில் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுத் தண்ணீர் அடியுங்கள். ஆயில் மாற்றும்போது கீழே டிரே வையுங்கள். எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் இருந்தால் பிரிக்கும் செலவும் இல்லை.

பொதுவான வெளியேற்ற அளவுகோலில் எண்ணெயும் கிரீஸும் நீர்நிலைக்குப் போனால் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடைக்கு 20. தெளிந்த தண்ணீரை மெட்ரோ வாட்டர் சாக்கடையில் விட வேண்டுமானால் குடிநீர் வாரியத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். என்னைக் கேட்டால், வெளியே விடவே வேண்டாம். ஃபில்டர் செய்த தண்ணீரை வண்டியின் அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் மறுபடி அடியுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் எல்லோரும் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். மறுபயன்பாடு என்று எழுதிய விண்ணப்பத்தைப் பொறியாளரும் இன்னும் சாதகமாகப் பார்ப்பார்.

ரேம்ப்புக்கு மேலே கூரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் போடுங்கள், வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு மேடும் கட்டுங்கள். உங்கள் பகுதி வடிகால் விருகம்பாக்கம் கால்வாய் வழியாகக் கூவத்தில் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை, நண்டு எல்லாம் நாசமானதைப் பார்த்தோம். அதோடு ஒப்பிட்டால் உங்கள் ஷெட் ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கப்புறம் மழைத் தண்ணீரில் எண்ணெய் என்று ஒரு புகார் வந்தால் எந்த அதிகாரியும் அதைச் சும்மா மடித்து வைப்பதில்லை.

நோட்டீஸில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை வரும்போது கட்டாயம் கேட்பார்கள். வடித்த பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்? சென்டரிங் பலகைக்குத் தடவ என்று கேன் கேனாக வாங்கிப் போகிறவர்களுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை இன்றோடு விடுங்கள். கழிவு எண்ணெய், 2016 அபாயகரக் கழிவு விதிகளில் வருகிறது. வாரியத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும், 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளருக்கு மட்டும் படிவம் 10 (கழிவு கைமாறுவதைப் பதியும் சீட்டு) எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் படிவம் 4-ல் கணக்கு காட்ட வேண்டும். மாதம் நூறு கார், காருக்கு மூன்றரை லிட்டர் என்றால் 90 நாளில் 1,050 லிட்டர் சேரும், அதாவது ஐந்து பீப்பாய்க்கு மேல். பீப்பாய்களைக் கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில், சுற்றிலும் சின்னக் கட்டு கட்டி வையுங்கள். எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட், ஆயில் ஃபில்டர், டேங்க் அடியில் சேரும் கறுப்புச் சேறு இவையெல்லாம் மாநகராட்சிக் குப்பை வண்டிக்குப் போகக் கூடாது. இந்தக் கழிவுகளுக்கென்றே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு நிலையம் இருக்கிறது. உங்களைப் போன்ற நாலைந்து ஷெட்காரர்கள் சேர்ந்து அனுப்பினால் வண்டிச் செலவு குறையும். சங்கத்தில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஜெனரேட்டர் எளிது. புகைக்குழாய், கட்டடத்தின் உயரத்தைத் தாண்டி, ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிய மீட்டர் அளவு உயர வேண்டும். 25 கேவிஏ என்றால் ஒரு மீட்டர். ஒலித்தடுப்புக் கூண்டோடு, ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. கம்ப்ரசரும் சத்தம் போடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அபார்ட்மென்ட் பக்கச் சுவரை ஒட்டி எது இருந்தாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். பெயின்டிங் திறந்த இடத்தில் நடந்தால் அடைத்த பூத், ஃபில்டர், மேலே போகும் குழாய் மூன்றும் வேண்டும்; அதுவரை அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலையாக இருப்பது நில வகைப்பாடு. விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் குடியிருப்பா, வணிகமா, கலப்புக் குடியிருப்பா என்று இணையத்திலேயே பார்க்கலாம். நாளைக்கே பாருங்கள். முதன்மைக் குடியிருப்பு என்று வந்தால் பெயின்டிங்குக்கும் வாட்டர் சர்வீஸுக்கும் அங்கே இசைவு கிடைப்பது கடினம். டேங்க்குக்குப் பணம் போடும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அப்படி வந்தால் அந்த இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றி, இங்கே மெக்கானிக் வேலையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று மாவட்ட அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள். மற்ற காகிதங்கள்: வாடகை ஒப்பந்தம், தண்ணீர் போகும் வழியைக் காட்டும் வரைபடம், சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று. கட்டணம் அந்த மதிப்பை வைத்துத்தான், அதனால் உங்கள் மெஷின்களின் பழைய பில்களைத் தேடி எடுங்கள்.

பதில் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டீஸ் எண், தேதி. மூன்று குற்றச்சாட்டுக்கும் தனித்தனிப் பத்தி. ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, இதுவரை செய்தது எந்தத் தேதியில், செய்யப்போவது எந்தத் தேதிக்குள். கொடுக்கும் தேதி உங்களால் முடிகிற தேதியாக இருக்கட்டும்; பத்து நாளில் முடிப்பேன் என்று எழுதி இழுத்தடிப்பதைவிட நாற்பத்தைந்து நாள் என்று எழுதி நாற்பதில் முடிப்பது நல்லது. ஆறு குடும்பம் பிழைக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதலாம், ஒரு பக்கத்துக்கு எழுதக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் உள்நோக்கம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடைசியில், முடிவெடுக்கும் முன் நேரில் கேட்க வாய்ப்புத் தரும்படியும், மறு ஆய்வுக்கு வரும்படியும் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் மூடும் உத்தரவு வந்தால், 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கட்டத்தில் வக்கீல் தேவை, இப்போது தேவையில்லை.

உங்கள் பி.கு.வுக்கு: கூடாது. அந்த லாரிகளுக்கு உரிமம் கொடுப்பது செப்டிக் டேங்க் கழிவுக்கு. எண்ணெய்த் தண்ணீரை ஏற்றினால் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒழுங்காக வாங்க மாட்டார்கள், டிரைவர் வழியில் ஏதாவது கால்வாயில் திறந்துவிடுவார், அந்தக் கால்வாய்க்கும் உங்கள் பெயரில்தான் நோட்டீஸ் வரும். குழியில் இப்போது தேங்கியிருக்கும் தண்ணீரை டேங்க் வேலை முடியும்வரை ஒரு பீப்பாயில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

— சுற்றுச்சூழல் ஆலோசகர், சென்னை